பார்த்தால் அழியும் எச்சரிக்கை

புதிதாக வந்த மெயிலில் அனுப்பியவர் இடத்தில் மாதப்பன் என்ற பெயரைப் பார்த்ததும் பானுமதி நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

லினக்ஸ் கெர்னலுக்கு வந்து சேரும் புது டிரைவர்களைப் படித்துப் பார்த்துக் குறை சொல்வது அவள் வேலை. கம்ப்யூட்டரின் உயிர்நாடியான கெர்னலுக்கும், மின்சுற்றுப் பலகையில் ஒட்டியிருக்கும் ஒரு சின்ன சிப்புக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்கிற நிரல்தான் டிரைவர். சூடு, மின்னழுத்தம், மின்னோட்டம் இவற்றை அளக்கிற சிப்புகளின் டிரைவர்கள் எல்லாம் அவள் பங்குக்கு வரும். சம்பளம் தருவது ஓசூர்க் கம்பெனி. ஆனால் அவள் உட்கார்ந்திருப்பது மாரண்டஹள்ளியில், கணவன் சென்னப்பனின் தக்காளி மண்டிக்கு மேல் மாடியில். கீழே லாரிக்குக் கூடை ஏற்றும் சத்தம், கன்னடமும் தமிழும் கலந்த விலைப் பேச்சு. மேலே ஜெர்மனியிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்து விழும் மெயில்கள்.

அப்படி வந்தவற்றில் இத்தனை வருடத்தில் மாதப்பன் என்று ஒரு பெயரை அவள் கண்டதில்லை. பிள்ளைக்கு மாதப்பன் என்று பெயர் வைக்கிறவர்கள் உலகத்திலேயே இந்தப் பக்கத்து ஆட்கள்தான் என்பது அவள் எண்ணம். அதற்காக விட்டுக்கொடுத்துப் படிக்கிறவள் இல்லை. பானுமதி படித்துவிட்டாள் என்றால் அதற்குமேல் தோண்ட ஒன்றும் இருக்காது என்று, டிரைவர் எழுதுகிறவர்களின் மெயில் குழுவில் பேர் வாங்கியவள்.

மின்சாரத்தை அளக்கும் ஒரு சிப்புக்கான டிரைவர் அது. பேட்டரியிலிருந்து மின்சாரம் வரும் வழியில் ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்து, அதன் இரண்டு முனைக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்தை வைத்து எவ்வளவு மின்னோட்டம் போகிறது, எவ்வளவு சக்தி செலவாகிறது என்று சொல்லும் சிப். இந்த மாதிரி டிரைவர்களில் எழுதுகிறவர்கள் எங்கெங்கே இடறுவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. பேட்டரிக்கு மின்சாரம் திரும்பி ஏறும்போது அளவு மைனஸில் வரும். அதை மறந்துவிட்டால் ஒரு சொட்டு மின்சாரம் மலையளவாகத் தெரியும். பெரிய எண்களைப் பெருக்கும்போது இடம் போதாமல் வழிந்து தப்பு விடை வரும். ரெசிஸ்டரின் மதிப்பை யாராவது பூஜ்யம் என்று எழுதிவைத்தால் வகுக்கிற இடத்தில் கெர்னலே விழுந்துவிடும்.

பானுமதி ஒவ்வொன்றாகத் தேடிப் போனாள். மைனஸ் சரியாக இருந்தது. பெருக்கலுக்கு இடம் தாராளமாக விட்டிருந்தது. பூஜ்யத்தை வாசலிலேயே தடுத்து, ஏன் தடுத்தோம் என்று ஒரு வரியில் எழுதியும் வைத்திருந்தது. பாதியில் ஏதாவது கோளாறானால் எந்த வரிசையில் திறந்தார்களோ அதற்குத் தலைகீழாக ஒவ்வொன்றையும் மூடிவிட்டு வெளியே வந்தது. தேவையில்லாத ஒரு வரி கிடையாது. படித்துக்கொண்டே போனவள் ஓரிடத்தில் தன்னை மறந்து, "பார்ரா!" என்றாள்.

சாப்பிடக் கூப்பிட மேலே வந்த சென்னப்பன், "என்ன பானு, யார் கூட பேசிட்டிருக்க?" என்று கேட்டான்.

"யாரோ நம்ம பக்கத்துக்காரர் எழுதியிருக்காருங்க. நறுவிசுன்னா அப்படி ஒரு நறுவிசு."

"அப்ப குத்தம் சொல்ல ஒண்ணுமில்லையா? உனக்கு சோறு எறங்காதே."

குற்றம் ஒன்று இருக்கத்தான் செய்தது. சிப் ஒரு அளவை எடுத்து முடித்ததும் தன் நிலைப் பதிவேட்டில் 'தயார்' என்று ஒரு குறி போட்டு வைக்கும். டிரைவர் அந்தக் குறியைப் பார்த்துவிட்டுத்தான் எண்ணை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய எண் கைக்கு வரலாம். மாதப்பனின் டிரைவர் அந்தப் பதிவேட்டின் பக்கமே போகவில்லை. அளக்க ஆகிற நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருந்துவிட்டு நேரே எண்ணை எடுத்துக்கொண்டது. இவ்வளவு தெரிந்த ஆள் இதை எப்படி விட்டார் என்று நினைத்தபடி பானுமதி எழுதினாள்: மற்றதெல்லாம் அருமை, ஆனால் தயார்க் குறியைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

மறுநாள் பதில் வந்தது. நன்றி சொல்லிவிட்டு, மிகப் பணிவாக, மாட்டேன் என்று எழுதியிருந்தார். அந்தக் குறி இருக்கிற பதிவேட்டில்தான் எச்சரிக்கைக் குறியும் இருக்கிறது. அழுத்தம் அபாய அளவுக்குக் கீழே ஒரு கணம் இறங்கினாலும் சிப் அதை அங்கே குறித்து வைக்கும். அந்தப் பதிவேட்டை யார் படித்தாலும் படித்த மாத்திரத்தில் எச்சரிக்கை அழிந்துவிடும். எனவே வேறு காரியத்துக்காக அதைத் தொடக் கூடாது.

பானுமதி சிப் கம்பெனியின் கையேட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாள். அப்படி ஒரு வார்த்தை எங்கும் இல்லை. 'கையேட்டில் இல்லாததை நான் எப்படி ஏற்பது?' என்று திருப்பி எழுதினாள். அவர் சோதித்த பதிவுகளை அனுப்பினார். அது அவர் பலகையின் கோளாறாகக்கூட இருக்கலாம் என்றாள். எண்களில் மனசு தெரியாது என்பார்கள். ஆனால் அடுத்த பதிப்பின் பதிவுகள் இன்னும் பொறுமையாக, இன்னும் விரிவாக, வேறு வேறு பலகைகளில் எடுத்தவையாக வந்தன. கூடவே தமிழில் தனியாக ஒரு மெயில். 'நீங்க மாரண்டஹள்ளின்னு உங்க கம்பெனி வெப்சைட்ல பாத்தேங்க. நான் வத்தல்மலை. ஒரு நாள் வந்தா கண்ணுல காட்டிடுவேன்.'

அவள் 'சரிபார்த்தேன்' என்று ஒரு டிரைவருக்குக் கீழே தன் பெயரை எழுதிவிட்டால், நாளைக்கு அது தப்பு பண்ணும்போது அவளும் தப்பு பண்ணியவள்தான். அப்படித்தான் அவள் அந்தக் கையெழுத்தை நினைத்தாள். பாலக்கோடு போய், தர்மபுரி போய், மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள்.

கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து காப்பித் தோட்டம் தெரிகிற இடத்தில் மாதப்பன் காத்திருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தோளில் கனமான பை. தர்மபுரியில் என்ஜினீயரிங் படித்தவர். சூரிய மின்சாரத்தில் ஓடும் குளிர்பெட்டிகளைச் செய்து பராமரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் வேலை. பானுமதியைப் பார்த்ததும் மேடம் என்று ஆரம்பித்து, நடந்து சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சேருவதற்குள் அக்கா ஆக்கிவிட்டார்.

அது இரண்டே அறைகள் கொண்ட துணை சுகாதார நிலையம். ஓர் அறையில் தடுப்பூசி மருந்துகளை வைக்கும் குளிர்பெட்டி, மெல்லிய உறுமலோடு ஓடிக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் சின்னத் திரை. கிராம செவிலியர் கோகிலா, ஒரு கைக்குழந்தைக்கு எடை பார்த்துத் தாயிடம் கொடுத்துவிட்டு வந்தார். அதே மலையைச் சேர்ந்தவர். நாற்பது வயது இருக்கும், நிமிர்ந்த நடை.

"வாங்க மேடம். கம்ப்யூட்டர்ல தப்பு கண்டுபுடிக்கிறவங்க வர்றாங்கன்னு மாதப்பன் சொன்னாரு."

"அதுக்குத்தாங்க வந்திருக்கேன்," என்று பானுமதி சிரித்தாள். "ஆனா இவருகிட்ட தப்பு கெடைக்க மாட்டேங்குது."

மாதப்பன் பையிலிருந்து லேப்டாப்பையும் ஒரு தனிப் பலகையையும் எடுத்து மேசைமேல் வைத்தார். மருந்து இருக்கிற பெட்டியில் கை வைக்கக் கூடாது என்பதற்காகவே அதே மாதிரி இன்னொரு பலகை. பேட்டரிக்குப் பதிலாக, குமிழைத் திருகினால் அழுத்தம் ஏறி இறங்கும் ஒரு மின்கருவி. சிப்பிலிருந்து எச்சரிக்கை வெளியே வரும் கம்பிக்காலில் ஒரு சிவப்பு விளக்கு பொருத்தியிருந்தார்.

"இப்ப அழுத்தத்த எறக்கறேங்க்கா. ஒரே நொடி. அப்புறம் பழைய எடத்துக்கே ஏத்திருவேன்."

குமிழ் இறங்கி ஏறியது. சிவப்பு விளக்கு எரிந்தது. அழுத்தம் சரியான பிறகும் எரிந்துகொண்டே இருந்தது. நடந்ததை சிப் மறக்கவில்லை.

"இப்ப எண்ண மட்டும் எடுக்கறேன். என் டிரைவர் எடுக்கற மாதிரி." லேப்டாப் திரையில் எண்கள் வந்தன. விளக்கு அப்படியே எரிந்தது. "இனி நீங்க சொன்ன வழி. நீங்களே தட்டுங்க."

பானுமதி தயார்க் குறியைப் படிக்கும் கட்டளையைத் தட்டினாள். விளக்கு பொட்டென்று அணைந்தது.

மறுபடி செய்யச் சொன்னாள். மறுபடியும் அணைந்தது. குமிழைத் தானே வாங்கித் திருகினாள். வேறு கட்டளை கொடுத்துப் பார்த்தாள். தயார்க் குறியை மட்டும் கேட்டாலும் சரி, எதைக் கேட்டாலும் சரி, அந்தப் பதிவேட்டைத் தொட்டதும் எச்சரிக்கை காணாமல் போனது. தான் சொன்னபடி மாதப்பன் எழுதியிருந்தால், இருக்கிற நல்ல டிரைவரைத் தானே கெடுத்திருப்போம் என்று அவளுக்குப் புரிந்தது. அதைவிடப் பெரிதாக ஒரு கேள்வி வந்து நின்றது.

"கையேட்டுல இல்ல. இப்படி ஒரு எடத்துல பாக்கணும்னு உங்களுக்கு எப்படிங்க தோணுச்சு?"

மாதப்பன் கோகிலாவைப் பார்த்தார்.

"அத நான் சொல்றேங்க," என்றார் கோகிலா, பெஞ்சில் உட்கார்ந்தபடி. "போன மழைக்கு இங்க வெயிலே எட்டிப் பாக்கல. பொட்டி ஓடும், நிக்கும். ஓட ஆரம்பிக்கிறப்ப கீச்சுனு ஒரு சத்தம் வரும் பாருங்க. நான் எந்திரிச்சு கிட்ட போறதுக்குள்ள கம்முனு ஆயிடும். ஸ்கிரீன்ல பாத்தா எல்லாம் சரியா இருக்குன்னு காட்டும். பொட்டி கம்பெனிக்கு போன் போட்டேன். பல்லி கத்தியிருக்கும்னாங்க."

"பல்லியா?"

"ஆமாங்க. பொறந்ததுல இருந்து இந்த மலையிலதான் இருக்கேன். பல்லி கத்தறது எது, பொட்டி கத்தறது எதுன்னு தெரியாதுங்களா எனக்கு?" அவர் குரல் கொஞ்சம் உயர்ந்து இறங்கியது. "ஒரு நாளு காலைல வந்து தொறக்கறேன், உள்ள குளிரே இல்ல. மருந்து பூராவையும் ஐஸ் பொட்டிக்கு மாத்தி, ஜீப்ப நிறுத்தி ஏத்திட்டு கீழ கொண்டு போனேன். நல்லவேளை, கெட்டுப் போகல. ஆனா கேள்வி மட்டும் என்னயத்தாங்க கேட்டாங்க. நீ சுச்ச ஆஃப் பண்ணிட்டு வூட்டுக்குப் போயிட்டியான்னு. சத்தம் வந்துச்சுன்னு சொல்றேன், யாரும் காதுல வாங்கல. பதிவுல ஒண்ணுமே இல்லியாமே. இவருதான் பொட்டிய பாக்க வந்தவரு, 'அந்தச் சத்தம் எப்பிடி இருந்துச்சு, சொல்லுங்க'ன்னாரு. கேட்டுட்டு ஒரு பகல் பூரா இங்கியே, இதே பெஞ்சுல ஒக்காந்திருந்தாரு. சாப்பாட்டுக்குக்கூட எந்திரிக்கல."

"கேட்டுச்சுங்களா?" என்று பானுமதி மாதப்பனிடம் கேட்டாள்.

"சாயங்காலமாத்தான் கேட்டுச்சுங்க. கீச்சுனு ஒரே ஒரு தடவ. இவங்க சொன்ன மாதிரியேதான்."

மீதியை அவர் சொன்னார். பேட்டரி பலவீனமாகிவிட்டது. கம்ப்ரசர் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் ஒரு கணம் சரிந்து எழுந்தது. சிப் அதைச் சரியாகக் குறித்து வைத்து, பெட்டியின் மணியைக் கீச்சென்று அடிக்கவும் ஆரம்பித்தது. ஆனால் நெற்றித் திரைக்கு எண் எடுத்துக் கொடுக்க, சிப் கம்பெனி கொடுத்த பழைய டிரைவர் ஓயாமல் அந்தப் பதிவேட்டைப் படித்துக்கொண்டிருந்தது. எச்சரிக்கை வந்த அடுத்த கணமே அது அழிந்தது. மணியும் நின்றது, பதிவு செய்யும் நிரல் வந்து பார்க்கும்போது அங்கே ஒன்றுமில்லை. அதனால்தான் மாதப்பன் பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது டிரைவரே எழுதினார். சிப் எச்சரித்ததும் டிரைவர் ஒரே ஒரு தடவை மட்டும் அந்தப் பதிவேட்டைப் படிக்கும். படித்ததைத் தன்னிடம் பத்திரப்படுத்திக்கொள்ளும். பிறகு யார் முதலில் வந்து கேட்டாலும், எத்தனை பேர் கேட்டாலும், எல்லாருக்கும் ஒரே பதில்.

"இத நீங்க மெயில்ல எழுதியிருக்கலாமே!" என்றாள் பானுமதி.

"அங்க எப்படிங்க்கா கதை சொல்றது? பதிவ மட்டும்தான் நம்புவாங்கன்னு நெனச்சேன்."

அழகாக எழுதப்பட்ட நிரல்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். கெட்டிக்காரர்களை அவளுக்குப் பழக்கம். ஆனால் எந்தப் பதிவிலும் இல்லாத ஒரு சத்தத்தை, கேட்டேன் என்று ஒருத்தர் சொன்னார் என்பதற்காகவே நம்பி, பகல் முழுக்க ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆளை அவள் பார்த்ததில்லை. தான் மாடியில் உட்கார்ந்து நறுவிசு என்று மெச்சிய அத்தனை வரிகளும் அந்தப் பெஞ்சிலிருந்து தொடங்கியவை என்று நினைக்கும்போது, மெச்சியது போதவில்லை என்று தோன்றியது.

டிரைவரின் முகப்புக் குறிப்பில் 'கோளாறைத் தெரிவித்தவர்: கோகிலா' என்று ஒரு வரி இருந்ததும் இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மெயில் முகவரி இல்லாமல் வெறும் பெயராக இருக்கிறதே, எடுத்துவிடச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்திருந்தாள்.

"அந்தப் பேரு இவங்கதானா? இவங்கள கேட்டுட்டு போட்டீங்களா? சம்மதம் இல்லாம ஒருத்தர் பேர போடக் கூடாதுன்னு வழக்கம் இருக்கு, தெரியுமில்ல?"

மாதப்பன் தலையைச் சொறிந்தார். "கேக்கலீங்க்கா. வேண்டாம்னு சொல்லிருவாங்களோன்னு..."

கோகிலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என் பேரு எங்க போட்டிருக்கீங்க? இது எந்த ஆபீசுக்குப் போகுது? மறுபடியும் என்னக் கூப்ட்டு விசாரிப்பாங்களா?"

"ஆபீசுக்கெல்லாம் இல்லீங்க," என்று பானுமதி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "இந்த டிரைவர் ஒலகம் பூரா போவும். இது எப்படி வந்துச்சுன்னு ஒரு வரலாறு கூடவே இருக்கும். இந்தக் கோளாற மொதல்ல சொன்னது இன்னாருன்னு அதுல எழுதியிருக்கும். யாரும் அழிக்க மாட்டாங்க."

கோகிலா சற்று யோசித்தார். "பல்லின்னு சொன்னாங்களே, அவங்களும் அதப் பாக்க முடியுங்களா?"

"யார் வேணாலும் பாக்கலாம்."

"அப்ப போடுங்க. இனிஷியலோட போடுங்க. சி. கோகிலா."

மூவரும் சிரித்தார்கள். மேகம் விலகி வெயில் பளிச்சென்று அடித்தது. கூரைமேல் இருந்த சூரிய மின்தகடுகள் வேலை செய்ய ஆரம்பித்து, பெட்டியின் பேட்டரிக்கு மின்சாரம் திரும்பி ஏறத் தொடங்கியது. மருந்து இருக்கிற அந்தக் குளிர்பெட்டியிலும் மாதப்பனின் புது டிரைவர்தான் சோதனைக்காக ஓடிக்கொண்டிருந்தது. பானுமதி பழக்கதோஷத்தில் அதன் திரையைப் பார்த்தாள். மின்னோட்டத்துக்கு முன்னால் அழகாக மைனஸ் குறி வந்திருந்தது. அடுத்த வரியில் சக்தி. அதற்கு முன்னால் எதுவுமில்லை.

"மாதப்பன், இங்க வாங்க. கரண்டு திரும்பி ஏறுதுன்னா சக்தியும் மைனஸ்லதான வரணும்?"

அவர் வந்து குனிந்து பார்த்தார். பார்த்தவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "சிப்போட பதிவேட்டுல சக்திக்கு மைனஸே கெடையாதுங்க்கா. எப்பவும் கூட்டல்தான் சொல்லும். நான் அத அப்படியே எடுத்துக் குடுத்துட்டேன்! பேட்டரி ஏறிட்டிருக்கறப்ப செலவாகுதுன்னு காட்டுது. எத்தன வாட்டி இதே ஸ்கிரீன பாத்திருப்பேன், கண்ணுலயே படலியே!"

"மின்னோட்டத்துக்கு வர்ற குறியவே இதுக்கும் போட்ருங்க. ரெண்டு வரி வேலை."

"நீங்க இவ்வளவு தூரம் வராம இருந்திருந்தா இது போயே போயிருக்கும்ங்க்கா." அவர் குரலில் வெட்கமில்லை, சந்தோஷம்தான் இருந்தது. தன் தப்பைக் கண்டுபிடித்தவரைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்படுகிற ஆளும் அவளுக்குப் புதுசுதான்.

மதியம் மாதப்பனின் வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு அவள் மலை இறங்கினாள்.

அந்த வாரமே திருத்திய பதிப்பு வந்தது. சக்திக்கு மைனஸ் வந்திருந்தது. பதிவேட்டை ஏன் தொடக் கூடாது என்பதற்கு மூன்று வரி விளக்கம், அடுத்து வருகிறவன் தெரியாமல் தொட்டுவிடக் கூடாது என்று, நிரலின் நடுவிலேயே இருந்தது. பானுமதி கீழே தன் பெயரை எழுதினாள். அதோடு வழக்கமில்லாத ஒரு காரியமும் செய்தாள். தான் கொடுத்த யோசனை தவறு, அதன்படி செய்திருந்தால் எச்சரிக்கைகள் தொலைந்திருக்கும், நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன் என்று எல்லாரும் படிக்கும்படி எழுதினாள்.

கெர்னலில் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் தூர தேசத்தில் இருக்கும் ஒரு கறாரான மனிதர். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: தெரிவித்தவருக்கு மெயில் முகவரி இல்லையே, இவர் யார்? பானுமதி பதில் எழுதினாள். மலைமேல் இருக்கும் ஒரு செவிலியர். கருவி பொய் சொன்னபோது உண்மையைச் சொன்னவர். பெயரைப் போட என்னிடம் நேரில் சம்மதம் கொடுத்தார். சற்று நேரத்தில் பொறுப்பாளரிடமிருந்து ஒற்றை வரி வந்தது. சேர்த்துக்கொள்ளப்பட்டது.

அவள் மாதப்பனுக்குப் போன் செய்தாள். அவர் சுகாதார நிலையத்தில்தான் இருந்தார், பெட்டிக்குப் புது பேட்டரி மாட்டிக்கொண்டு. விஷயத்தைக் கேட்டதும், "அக்கா, நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க," என்று போனைக் கோகிலாவிடம் கொடுத்துவிட்டார். கோகிலா முழுக்கக் கேட்டுவிட்டு, "இனிஷியல் போட்டாங்களா?" என்றார்.

"போட்டிருக்காங்க."

"எம் பையன்கிட்ட காட்டணுங்க. அத எப்படி தொறந்து பாக்கறதுன்னு மாதப்பன்கிட்ட சொல்லி வைங்க."

அந்த டிரைவரை இனிமேல் கவனித்துக்கொள்ள வேண்டியவர் என்று மாதப்பனின் பெயரைப் பானுமதிதான் முன்மொழிந்தாள். எனக்கு எதுக்குங்க்கா என்று தயங்கியவர், வேறு யார் கையிலாவது போய் அந்தப் பதிவேட்டைத் தொட்டுத் தொலைத்தால் என்ன செய்வது என்று அவள் கேட்டதும் ஒத்துக்கொண்டார்.

ஆவணி பிறந்து சில நாளில் யாரோ ஒரு ஐரோப்பியர் அந்த டிரைவருக்கு ஒரு மாற்றம் அனுப்பினார். பானுமதி படிக்க உட்காருவதற்குள் மாதப்பன் பதில் எழுதிவிட்டிருந்தார். நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று தொடங்கி, எந்தச் சிப்பில், எந்தப் பேட்டரியில் பார்த்தீர்கள் என்று விசாரித்து, ஒரு பெருக்கல் வழியும் இடத்தைச் சுட்டிக்காட்டி, அதைத் திருத்தும் வழியையும் சொல்லியிருந்தார். பானுமதி இரண்டு முறை படித்தாள். சேர்க்க ஒன்றுமில்லை. கீழே மண்டியில் சென்னப்பன் யாரிடமோ கன்னடத்தில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான். அவள் மாதப்பனின் பதிலுக்குக் கீழே, அவர் சொல்வது சரி என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டு அடுத்த மெயிலைத் திறந்தாள்.